பூப்பெட்டியில் இருந்த உன் நம்பர்

அன்பு மாப்ள ஒச்சு,

உனக்கு வருஷ நினைவு வருகிறது என்று மார்க்கெட்டில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்னார் பழகுவதற்கு இனியவர்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஏலக் கூச்சலுக்கு நடுவே நீ என்னைத் திட்டிய திட்டெல்லாம் காதில் கேட்டது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் வேண்டுமானால் கூட நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. இந்த மழையிலும் தெற்கே வெள்ளம் வந்தது. இந்த மழையிலும் அமலி போன் செய்தாள். உடனே "என்னாச்சு, மருந்து போச்சா?" என்று குதிக்காதே. வரிசையாகச் சொல்கிறேன். நீ இல்லாமல் நான் பெட்டி அனுப்பியது இதுதான் முதல் தடவை.

கூட நின்று கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்கு வில்லாபுரத்தில் மருந்து மொத்த வியாபாரம். உனக்கு மாட்டுத்தாவணியில் பூக்கடை, திருமங்கலத்தில் வீடு. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உன் வீட்டார் மேற்கே மானாவாரிக் காட்டில் பாடுபட்டவர்கள். நமக்குள் எந்த முறையும் கிடையாது. ஆனால் முதல் நாளே நீ என்னை மாப்ள என்று கூப்பிட்டாய், நானும் பதிலுக்கு மாப்ள என்றேன். அதோடு சரி, அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அமலி, தெற்கே ஆற்றுக்கு அக்கரையில் கடலோரத்துக்குப் பக்கத்து ஊரில் தையல் தைக்கிறவள். அவளுக்குச் சர்க்கரை நோய் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மாத்திரை கேட்காத வகை. இன்சுலின் ஊசி தினமும் போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவள் இல்லை. அந்த ஊர் மருந்துக் கடைக்கு நான்தான் சரக்கு அனுப்புகிறேன். போன வெள்ளத்தில் கடை மூழ்கியதும் கடைக்காரர் என்னை அழைத்தார். பக்கத்தில் நின்றவள் போனை வாங்கி, "அண்ணே, எங்கிட்ட இருக்கிறது ரெண்டு நாளைக்குத்தாண்ணே காணும்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மதுரையிலிருந்து லாரி லாரியாகச் சாமான் போய்க்கொண்டிருந்தது. அரிசி, பாய், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மலை மலையாகச் சேலை. கல்யாண மண்டபங்களில் மூட்டை கட்டினார்கள். நல்ல மனதுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு கைப்பிடி மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுபோக அந்த லாரிகளில் எங்கே இடம்? தார்ப்பாய்க்குக் கீழே எந்த மூட்டைக்கடியில் போகும், யார் இறக்குவார்கள், யார் தேடி எடுப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாய்: "எதுக்கு மாப்ள லாரிய நம்பி ஒக்காந்துருக்க? எம்பெட்டி தெனமும் ஐஸோட தெக்க போகுதுல்ல. பூவோட பூவா ஏத்தி விட்டுருவோம்."

அந்த நிமிஷம் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது உண்மை. இம்புட்டுக் களேபரத்திலும் குளிர்ச்சி குலையாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே வழி அதுதான். மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் ஏறும் தெர்மாகோல் பெட்டி திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று இறங்கி ஏறி, முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அரசாங்கத்தின் திட்டத்தில் அது கிடையாது. வியாபாரத்தில் இருந்தது.

நான் முறையாகத்தான் கட்டினேன். இன்சுலினுக்குச் சூடும் ஆகாது, உறையவும் கூடாது. உறைந்துபோனால் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருக்கும், உடம்பில் வேலை செய்யாது. அதனால் ஐஸ் பாக்கெட்டை அடியில் வைத்து, மேலே வாழைப்பட்டையும் அட்டையும் போட்டு, அதற்கு மேல்தான் மருந்தை வைத்தேன். பெட்டி மேலே உன் கடைப் பெயர் சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு அடியில் உன் நம்பர், அதற்கும் அடியில் "சந்தேகம்னா கூப்பிடு" என்று நீ அச்சடித்து வைத்திருக்கும் வாசகம். "எம் பேரப் பாத்தா ஒருத்தன் தொட மாட்டான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாய்.

உன் பெயரைப் பார்த்துத்தான் எல்லாரும் தொட்டார்கள். பூப்பெட்டி என்றால் வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்சல்காரர் மூடியைத் திறந்து, ஐஸ் குறைந்திருந்தால் போட்டுவிடுவது வழக்கம். மொட்டு விரிந்துவிடக் கூடாதே. அதுவும் ஒச்சண்ணன் பெட்டி, வெள்ள நேரம், வண்டி தாமதம். ஆளாளுக்கு அக்கறையாகத் திறந்து, ஃப்ரீஸரிலிருந்து எடுத்த பாக்கெட்டை மருந்துக்கு மேலேயும் பக்கத்திலும் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். அமலி பெட்டியைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டாள். "அண்ணே, மருந்து கல்லு மாதிரி இருக்கே" என்றாள். அதைப் போட்டுக்கொள்ளாதே, உருகினாலும் போட்டுக்கொள்ளாதே என்று நான் கத்தினேன்.

நீ ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாய், ஞாபகமிருக்கிறதா? திட்டுவதற்குத்தான் கூப்பிட்டாய். போனை எடுத்தவர்கள் எல்லாரும், "நம்ம பெட்டிதானண்ணே, நான்தான் ஐஸ் போட்டு விட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்கள். யாரைத் திட்டுவது? உன் மேல் இருந்த மரியாதை மருந்தைக் கெடுத்துவிட்டது.

அடுத்த பெட்டியை நீயே மடியில் வைத்துக்கொண்டு போனாய். பஸ், லாரி, பிறகு படகு. நீ போனபோது அமலி வாந்தி எடுத்து, நாக்கு உலர்ந்து படுத்துக் கிடந்திருக்கிறாள். அதே படகில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவள் எழுந்து உட்காரும்வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினாய். வந்ததும் என் கடை வாசலில் நின்றபடியே, "பெட்டி போறதுக்கு முன்ன ஆள் போகணும் மாப்ள" என்று மட்டும் சொன்னாய். சாப்பிடக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு நாம் இருவரும் போட்ட சண்டைகளை எழுதினால் இந்த மலர் போதாது. பெட்டியை யாரும் திறக்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் சண்டை. உன் யோசனை, மேலே "சாமிக்கு" என்று எழுதிவிடுவது. சாமிக்குப் போகிற பூவை ஒருத்தனும் திறக்க மாட்டான், மோந்துகூடப் பார்க்க மாட்டான் என்றாய். வாஸ்தவம்தான். ஆனால் பொய் சொல்லி மருந்து அனுப்புவதா என்று எனக்குக் கோபம். அதோடு, போய்ச் சேரும் ஊரில் நேராகக் கோயிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால்? அர்ச்சகர் இன்சுலினை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஐஸ் கடைக்காரரின் டீ கொட்டியது.

கடைசியில் என் யோசனைதான் ஜெயித்தது. "மருந்து. திறக்கக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது" என்று ஸ்டிக்கர் அடித்தோம். மழைக்கு முன்பே அமலி வீட்டு ஃப்ரிட்ஜில் உபரி மருந்து வைத்தோம். இன்னும் நாலைந்து ஊர்களில் இப்படி ஊசியை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்று விசாரித்து வைத்தோம். நீ மாதம் ஒரு நாள் பஸ் ஏறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி, பார்சல்காரர்களோடு டீ குடித்துவிட்டு வந்தாய். நான் அதைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. நீ ஊர் சுற்றுகிறாய் என்றுதான் நினைத்தேன். "சந்தேகம்னா கூப்பிடு" என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். என்ன சந்தேகம், யாருக்குச் சந்தேகம், ஒன்றும் தெளிவாக இல்லையே என்று வாதாடினேன். "இருந்துட்டுப் போகட்டும் மாப்ள, அது என்ன சோறா கேக்குது" என்றாய்.

பிறகு பங்குனியில் ஏலம் முடிந்து டீ குடிக்கப் போனவன் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மருந்துக்கடைக்காரனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, இந்த மழைக்கு வருகிறேன். தண்ணீர் இந்த முறை போனதைவிட வேகமாக ஏறியது. அமலி உடுத்திய துணியோடு பள்ளிக்கூட மாடிக்கு ஓடியிருக்கிறாள். கைப்பையில் இருந்த மருந்து மட்டும் மிச்சம். ஃப்ரிட்ஜும் அதில் நாம் வைத்த உபரியும் போய்விட்டன. போன் வந்ததும் மருந்தை எடுத்து வைத்தேன். உன் கடை பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் என் சரக்குக் கிட்டங்கியில் நீ போட்டு வைத்த பழைய பெட்டிகள் இருந்தன. அதில்தான் கட்டினேன். செத்தவன் நம்பர் எதற்கு என்று அதன் மேல் என் நம்பரை எழுதிய காகிதத்தை ஒட்டினேன். பசை தடவும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது. என்ன செய்ய, போன் எடுக்க ஆள் வேண்டுமே.

பெட்டி காலையில் கிளம்பியது. கோவில்பட்டி வரை ஒரு குறையும் இல்லை. அங்கே, அதற்கு மேல் ரோட்டை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பார்சலையெல்லாம் ஒரு கடை வாசலில் இறக்கி வைத்திருக்கிறார்கள். இது எதுவும் எனக்குத் தெரியாது. கண்டக்டருக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து நான் வில்லாபுரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மழை விட்டதும் அடிக்கிற வெயில் உனக்குத் தெரியும், முதுகுத் தோலை உரிக்கும். அந்த வெயிலில் நம் பெட்டி கிடந்திருக்கிறது. நீ டீ குடித்துப் பழகி வைத்த பழைய பார்சல்காரர் இப்போது அங்கே இல்லை. புது ஆள், உன்னை அறியாதவர். ஸ்டிக்கரைப் படித்திருக்கிறார். திறக்கக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. நல்ல மனிதர், சொன்னபடி இரண்டையும் செய்யவில்லை. வெயிலிலிருந்து நகர்த்தலாமா என்பது பற்றி ஸ்டிக்கரில் ஒன்றும் இல்லை. நான் பின்னால் போனில் கேட்டபோது, "நீங்க அத எழுதலியே சார்" என்றார். சண்டை பிடிக்க முடியாத பதில்.

என் காகிதம் மழையில் நனைந்து எப்போதோ உரிந்து விழுந்துவிட்டது. அடியில் உன் நம்பர், உன் வாசகம். அவருக்குச் சந்தேகம் இருந்தது. கூப்பிட்டார்.

உன் போன் அடித்தது, மாப்ள. திருமங்கலத்தில், உன் வீட்டில். உன் பெண்டாட்டி ஜெயக்கொடி அதை இன்னும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எடுத்திருக்கிறாள். "ஒச்சண்ணன் இருக்காராக்கா?" என்று பெட்டியில் படித்த பெயரைச் சொல்லி அந்த ஆள் கேட்டிருக்கிறார். "வெளிய போயிருக்காரு, என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்றாளாம். அவர் விஷயத்தைச் சொன்னதும், பெட்டியை உடனே கடைக்குள் நிழலில் வைக்கவும், ஈரச் சாக்கைச் சுற்றிப் போடவும், ஐஸை மட்டும் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். நீ ராப்பகலாக என்னோடு போனில் போட்ட சண்டையெல்லாம் அவள் காதில்தானே விழுந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

அதற்கு மேல் நடந்தது என் வேலை. கோவில்பட்டியில் எனக்கு வாடிக்கையான மருந்துக் கடை ஒன்று உண்டு. அங்கிருந்து பைக்கில் பெட்டியை எடுத்துக்கொண்டு, சுற்றுவழியாக ஊர் ஊராகப் புகுந்து, தண்ணீர் நின்ற இடத்தில் டிராக்டரில் மாற்றி ஏற்றினார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் எனக்குப் போன் வந்தது. அமலி பெட்டியைத் திறந்ததும், உள்ளே நான் வைத்திருந்த சின்ன வெப்பமானியைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். சரியாக இருந்தது. "ஊசி போட்டுக்கிறவாண்ணே?" என்றாள். போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு, கடைப் பையன்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

மறுநாள் திருமங்கலம் போனேன். ஜெயக்கொடி காப்பி கொடுத்தாள். உன் போன் உன் படத்துக்குப் பக்கத்தில் இல்லை, அப்படிக் கற்பனை செய்துகொள்ளாதே. அடுப்படியில் மிக்சி பக்கத்தில் கிடந்தது. எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "அவன் இருக்கிற மாதிரி ஏன் பேசுன தங்கச்சி?" என்று கேட்டேன். மனசு தாங்காமல் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து, ஆறுதல் சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

"செத்துப் போயிட்டாருன்னு சொன்னா, அந்தாளு அய்யோ பாவம்னு சொல்லிட்டு வச்சிருப்பாருண்ணே. பெட்டி வெயில்லயே கெடந்துருக்கும்" என்றாள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். எத்தனை நிவாரணக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன் மாப்ள. எந்தக் கிட்டங்கியில் என்ன சரக்கு, எந்த வழி அடைபட்டால் எந்த வழி, யார் கையெழுத்து என்று எல்லாம் பேசுவோம். திட்டம் போட வேண்டியதுதான், அது இல்லாமல் ஒன்றும் நகராது. ஆனால் எதிர்பாராத இடத்தில் பெட்டி நின்றுபோனால், அங்கே நிற்கிற முன்பின் தெரியாத ஆளுக்குக் கேட்கத் தோன்ற வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஒருத்தர் இருக்க வேண்டும். அதை நான் ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை. ஸ்டிக்கரும் வேண்டும், உன் வாசகமும் வேண்டும் போலிருக்கிறது. சிரிக்காதே.

நான் உட்கார்ந்திருக்கும்போதே உன் போன் மறுபடி அடித்தது. அமலி. பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்து உனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு மடியில் மருந்தோடு படகில் வந்த அண்ணனை அவள் மறக்கவில்லை. உன் சாவை நானும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. வெள்ளத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது? ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ ஊசி போட்டுட்டியா? சாப்பிட்டியா?" என்று ஜெயக்கொடி முதலில் கேட்டாள். அந்தப் பக்கம் ஆமாம் என்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், "அவரு இல்லம்மா. பங்குனியில தவறிட்டாரு" என்றாள். உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அழுதபோது அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள், நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். முகம் தெரியாத அமலியோடு போனில் அழுதாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இப்போது உன் நம்பருக்கு நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். ஜெயக்கொடி மாட்டேன் என்றாள், அவளே செய்துகொள்வாளாம். அதில் ஒரு சண்டை நடந்து நான் ஜெயித்தேன். புதுப் பெட்டிகளுக்கு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஸ்டிக்கரில் "வெயிலில் வைக்கக் கூடாது" என்று சேர்த்தாயிற்று. அடுத்து என்ன விட்டுப்போயிருக்கிறது என்பது அடுத்த வெள்ளத்தில்தான் தெரியும். அதனால் உன் வாசகம் அப்படியே கீழே இருக்கிறது, ஒரு எழுத்து மாற்றவில்லை. இனிமேல் அந்தப் போனை எடுப்பது உன் பெண்டாட்டிதான். மழைக்காலத்தில் குளிக்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள்.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும், உனக்குத் தெரியும், அதைச் சொல்லி எத்தனை கேலி செய்திருக்கிறாய். பரவாயில்லை. சித்திரைத் திருவிழா முடிந்ததும் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறுகிறேன். திருமங்கலத்தில் ஆரம்பித்து அமலி ஊர் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ஒவ்வொருவரோடும் டீ குடிப்பேன். அந்தக் கோவில்பட்டிக்காரரிடம், அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டபோது அவர் வெளியே போயிருக்கவில்லை என்பதை நேரில் உட்கார்ந்து சொல்வேன். அடுத்த மழைக்குப் பெட்டி போவதற்கு முன்னால் ஆள் போயிருக்கும், மாப்ள. நீ நிம்மதியாக இரு.

ஜெயக்கொடி என்னை அண்ணே என்கிறாள். அப்படிப் பார்த்தால் முறையும் சரியாகத்தான் வருகிறது.

உன் பெண்டாட்டியின் அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மாப்ளயுமான,
குப்புராம்
வில்லாபுரம், மதுரை